அழிக்காமல் மறைத்தல்: கணினிச் சித்திரத்தில் ‘லேயர் மாஸ்க்’ – வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

கடை வைத்து நடத்தும் நமக்குச் சித்திர வேலையோடு என்ன சம்பந்தம் என்று கேட்ட காலம் போய்விட்டது. முன்னாளில் ஒரு கடைக்கு வாசலில் ஒரு பெயர்ப் பலகையும், பெருநாள் சமயத்தில் ஒரு துண்டு நோட்டீசும் போதுமானவையாக இருந்தன. பலகைக்கு வர்ணக்காரர் இருந்தார். நோட்டீசுக்கு அச்சுக்கூடம் இருந்தது. இன்றோ, புதுச் சரக்கு வந்திறங்கினால் அன்று மாலைக்குள் அதன் படமும் விலையும் வாடிக்கையாளரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு ஒரு விளம்பரம், தீபாவளிக்கு ஒன்று, பள்ளி விடுமுறைக்கு ஒன்று என வருடம் முழுவதும் இவ்வேலை ஓய்வதில்லை.

இவ்வேலையை வீட்டுப் பிள்ளைகளோ கடைச் சிப்பந்திகளோ கணினியில் செய்து கொடுக்கிறார்கள். அல்லது வெளியாருக்குக் கூலி கொடுத்துச் செய்விக்கிறோம். எப்படியாயினும் செலவு நம்முடையது. ஆகவே, அவ்வேலை எவ்விதம் நடைபெறுகின்றது என்பதை முதலாளியும் ஓரளவு அறிந்திருத்தல் நலம். தராசு பிடிக்கத் தெரியாதவர் மளிகைக் கடை நடத்துவதைப் போன்றதே, வேலையின் முறை தெரியாமல் கூலி கொடுப்பதும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் மடித்து வைத்த கைலி ஒன்றின் சித்திரத்தைப் பெருநாள் விளம்பரத்திற்காக வரையச் செய்கிறார். சிவப்புக் கட்டம் போட்ட கைலி. படம் நன்றாக அமைந்துவிட்டது. மறு மாதம் நீலக் கட்டம் போட்ட சரக்கு வருகின்றது. சிப்பந்தி பழைய படத்தைத் திறந்து, சிவப்புக் கட்டங்களை அழிப்பானால் அழித்துவிட்டு, நீலத்தைத் தீட்டுகிறார். அழிக்கும்போது மடிப்பின் கோடுகளும் நிழலும் சேர்ந்து போகின்றன. அதற்கடுத்த மாதம் சிவப்புச் சரக்கே மீண்டும் வருகின்றது. பழைய படம் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து வரைய வேண்டும், மறுபடியும் கூலி. இந்த வீண் செலவைத் தடுக்கும் முறைதான் ‘லேயர் மாஸ்க்’ என்பது. தமிழில் இதனை ‘அடுக்கு மறைப்பு’ என்று சொல்லலாம். வேண்டாத பகுதியை அழிக்காமல், கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து மட்டும் வைப்பதே இதன் சாரம்.

அடுக்கு என்பது யாது?

முதலில் ‘லேயர்’ எனப்படும் அடுக்கை விளங்கிக் கொள்வோம். கண்ணாடித் தாள்கள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். அடித்தாளில் பின்னணி வர்ணம். அதற்கு மேல்தாளில் கைலியின் வடிவம். அதற்கு மேல் கட்டங்கள். எல்லாவற்றுக்கும் மேலே விலை எழுத்து. மேலிருந்து பார்த்தால் ஒரே படமாகத் தோன்றும். ஆனால் விலையை மாற்ற வேண்டுமானால் விலைத் தாளை மட்டும் எடுத்து மாற்றினால் போதும். மற்றவை அப்படியே இருக்கும்.

கணினியில் படம் வரையும் மென்பொருள்கள் பெரும்பாலும் இம்முறையையே கைக்கொள்கின்றன. 1990-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபோட்டோஷாப்’ மென்பொருளில் தொடக்கத்தில் இந்த அடுக்குகள் இருக்கவில்லை. 1994-ஆம் ஆண்டில் வந்த அதன் மூன்றாம் பதிப்பில்தான் அவை சேர்க்கப்பட்டன. இன்று விலையின்றிக் கிடைக்கும் ‘கிம்ப்’, ‘கிரீட்டா’ ஆகிய மென்பொருள்களிலும், ஐபேட் பலகையில் வரைவோர் விரும்பும் ‘புரோகிரியேட்’ என்பதிலும் அடுக்குகளும் உண்டு, மறைப்புகளும் உண்டு.

மறைப்பு என்பது யாது?

சாக்கு மூட்டைகளில் மார்க்கா போடுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். தகரத் தகட்டில் கம்பெனியின் பெயரை எழுத்து எழுத்தாக வெட்டி எடுத்திருப்பார்கள். தகட்டைச் சாக்கின்மேல் வைத்து, மைத் தூரிகையால் மேலோட்டமாகத் தேய்ப்பார்கள். வெட்டிய இடத்தின் வழியே மை இறங்கும். தகரம் மூடிய இடத்தில் மை படாது. தேய்ப்பவர் எழுத்தைப் பார்த்துக் கவனமாக எழுத வேண்டியதில்லை. எங்கே மை படலாம், எங்கே படலாகாது என்பதைத் தகடே தீர்மானித்துவிடுகிறது.

பாத்திக் துணியிலும் இதே தத்துவம்தான். மெழுகு வைத்த இடத்தில் சாயம் ஏறாது; மெழுகில்லாத இடத்தில் ஏறும். பின்னர் துணியைக் கொதிநீரில் இட்டு மெழுகைப் போக்கிவிடுவார்கள். சிங்கப்பூர் அரபுத் தெருக் கடைகளில் தொங்கும் பாத்திக் துணிகளில் நாம் காணும் வெள்ளைக் கோடுகள், மெழுகு காத்து வைத்த இடங்களே.

பழைய அச்சுத் தொழிலிலும் இது இருந்தது. ‘ரூபிலித்’ என்றொரு செந்நிறப் படலம் உண்டு. தெளிவான தாளின்மேல் ஒட்டியிருக்கும் அப்படலத்தைக் கத்தியால் கீறி, வேண்டிய பகுதியை உரித்தெடுப்பார்கள். செந்நிறம் எஞ்சிய இடத்தில் ஒளி புகாது. உரித்த இடத்தில் புகும். ஃபோட்டோஷாப்பில் மறைக்கப்பட்ட பகுதியைச் செந்நிறச் சாயலில் காட்டும் வழக்கம் இந்தப் படலத்திலிருந்து வந்ததே.

கணினியின் மறைப்பு இவற்றைக் காட்டிலும் இரண்டு வகையில் மேலானது. சாக்கில் ஏறிய மையையும் துணியில் ஏறிய சாயத்தையும் திரும்ப எடுக்க முடியாது. கணினியிலோ மறைப்பை எத்தனை முறையும் மாற்றலாம், நீக்கலாம். இது முதலாவது. தகட்டில் ஓர் இடம் ஒன்று திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். கணினியின் மறைப்பிலோ பாதி திறப்பு, கால் திறப்பு என இடைநிலைகளும் உண்டு. இது இரண்டாவது.

வெள்ளை, கறுப்பு, சாம்பல்

ஓர் அடுக்கில் மறைப்பைச் சேர்த்தால், அந்த அடுக்கோடு வர்ணமே இல்லாத இன்னொரு படம் இணைகின்றது. அதில் வெள்ளை, கறுப்பு, இவற்றுக்கிடையிலான சாம்பல் ஆகியவை மட்டுமே உண்டு. இதற்கு விதி மூன்றுதான்.

வெள்ளை உள்ள இடத்தில் அடுக்கு முழுவதும் தெரியும். கறுப்பு உள்ள இடத்தில் அடுக்கு மறைந்து, கீழ் அடுக்கு தெரியும். சாம்பல் உள்ள இடத்தில் இரண்டும் கலந்து தெரியும்.

வழக்கமாக நாம் பயன்படுத்தும் படங்களில் கறுப்புக்கு 0 என்றும் வெள்ளைக்கு 255 என்றும் கணக்கு. இடையிலுள்ளவற்றையும் சேர்த்து 256 படிகள். இக்கணக்கு நமக்குப் புதியதன்று; கூட்டு வியாபாரத்தில் பங்கு பிரிப்பதைப் போன்றதே. மேல் அடுக்குக்கு எவ்வளவு பங்கு என்று மறைப்பு சொல்லும். மிச்சப் பங்கு கீழ் அடுக்குக்கு.

எண்ணிக்கையோடு பார்ப்போம். மேல் அடுக்கில் ஓரிடத்தின் ஒளி அளவு 40 எனவும், அதே இடத்தில் கீழ் அடுக்கின் அளவு 240 எனவும் வைத்துக் கொள்வோம். மறைப்பு வெள்ளையாக இருந்தால் கண்ணுக்குத் தெரிவது 40. கறுப்பாக இருந்தால் 240. மறைப்பின் அளவு 128 என்றால், அது ஏறக்குறைய பாதி. மேலிருந்து 20, கீழிருந்து 120, ஆக 140. மறைப்பின் அளவு 64 என்றால் ஏறக்குறைய கால் பங்கு. மேலிருந்து 10, கீழிருந்து 180, ஆக 190. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே இக்கணக்கைக் கணினி போட்டுக் கொள்கின்றது.

படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வாறு ஒரு பங்கு எண்ணை வைக்கும் யோசனையை 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் உருவாக்கினர். அதற்கு ‘ஆல்ஃபா’ என்று பெயரிட்டனர். 1984-ஆம் ஆண்டு தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கும் கணக்கை ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர். நாம் மேலே போட்ட பங்குக் கணக்கு அதன் எளிய வடிவமே.

செய்முறைப் பாடம்

இனி நமது ஜவுளிக் கடைக்காரரின் கைலிச் சித்திரத்தையே முறைப்படி வரைந்து பார்ப்போம். விலையின்றிக் கிடைப்பதாலும், வரைவதற்கென்றே அமைந்ததாலும், கிரீட்டாவை எடுத்துக் கொள்வோம். ‘கிரீட்டா’ என்பது வர்ணச் சுண்ணக்கோலைக் குறிக்கும் சுவீடன் நாட்டுச் சொல்.

முதற்படி: புதிய தாளைத் திறக்கவும். அச்சுக்கும் உதவ வேண்டுமானால் ஏ4 அளவு, அங்குலத்திற்கு 300 புள்ளி என்று தேர்ந்து கொள்ளவும். அவ்வாறு தேர்ந்தால் தாள் 2480 புள்ளி அகலமும் 3508 புள்ளி உயரமும் கொண்டிருக்கும்.

இரண்டாம் படி: ஓர் அடுக்கில் மடித்த கைலியின் உருவத்தை வரைந்து, உள்ளே வெளிர் மஞ்சள் போன்ற ஒரே வர்ணத்தால் நிரப்பவும். அதற்கு ‘வடிவம்’ என்று பெயரிடவும். மடிப்புக் கோடுகளை எல்லாவற்றுக்கும் மேலே ‘கோடு’ என்னும் தனி அடுக்கில் வரையவும். ஒவ்வோர் அடுக்குக்கும் பெயர் வைப்பது அவசியம். பெயரில்லாத டப்பாக்கள் நிறைந்த மளிகைக் கடையில் சீரகம் எது, சோம்பு எது என்று தேடும் நிலை வேண்டாம்.

மூன்றாம் படி: ‘வடிவம்’ அடுக்கின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ‘செலக்ட் ஒபேக்’ என்பதைத் தேரவும். கைலியின் உருவத்தைச் சுற்றிப் புள்ளிக் கோடு ஓடத் தொடங்கும். அவ்வுருவம் தேர்வாகிவிட்டது என்பது அதன் பொருள்.

நான்காம் படி: ‘வடிவம்’ அடுக்கிற்கு மேலும் ‘கோடு’ அடுக்கிற்குக் கீழுமாக, ‘குரூப் லேயர்’ எனப்படும் தொகுதி ஒன்றைச் சேர்த்து, ‘டிசைன்கள்’ என்று பெயரிடவும். அத்தொகுதியின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, ‘ஆட்’ என்னும் பகுதியில் ‘டிரான்ஸ்பரன்ஸி மாஸ்க்’ என்பதைத் தேரவும். ஏற்கனவே தேர்ந்து வைத்த உருவமே மறைப்பாக அமைந்துவிடும்: கைலியின் உள்ளே வெள்ளை, வெளியே கறுப்பு. பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தித் தேர்வை நீக்கிவிடவும்.

ஐந்தாம் படி: தொகுதியின் உள்ளே ஓர் அடுக்குச் சேர்த்து, சிவப்புக் கட்டங்களைத் தாராளமாக வரையவும். கைலியின் ஓரத்தைத் தாண்டிக் கோடு போனாலும் கவலை இல்லை. தகடு காப்பதைப் போல மறைப்பு காக்கும். அதே தொகுதிக்குள் இன்னோர் அடுக்கில் நீலக் கட்டம், மற்றோர் அடுக்கில் பச்சைக் கட்டம் என எத்தனை டிசைன் வேண்டுமோ அத்தனை வரைந்து கொள்ளலாம். அடுக்கின் பக்கத்திலுள்ள கண் அடையாளத்தைத் தொட்டால் அந்த அடுக்கு மறையும், மறுபடி தொட்டால் தோன்றும். ஒரே கைலிச் சித்திரம் பத்து டிசைனுக்கும் உதவும். நமது உதாரணத்தில் சிப்பந்தி அழித்துப் போக்கிய சிவப்புக் கட்டம் இங்கே எந்நாளும் அழியாமல் இருக்கும்.

ஆறாம் படி: கைலியின்மேல் கம்பெனியின் சீட்டு ஒட்டியிருக்கும் அல்லவா? அந்த இடத்தில் கட்டங்கள் தெரியலாகாது. தொகுதியின் மறைப்பைத் தேர்ந்து, கறுப்பு வர்ணத்தால் சீட்டின் அளவுக்கு ஒரு கட்டம் தீட்டவும். கட்டங்கள் அவ்விடத்தில் மறைந்து, கீழுள்ள வெளிர் மஞ்சள் தெரியும், அதுவே சீட்டு. சீட்டைச் சற்று மேலே நகர்த்த வேண்டுமானால், பழைய இடத்தில் வெள்ளையைத் தீட்டி, புதிய இடத்தில் கறுப்பைத் தீட்டவும். எக்ஸ் விசையை அழுத்தினால் கையிலுள்ள இரு வர்ணங்களும் இடம் மாறும். கறுப்புக்கும் வெள்ளைக்குமாக மாறி மாறி வேலை செய்ய இது வசதி.

ஏழாம் படி: மடிப்பின் முதுகில் வெளிச்சம் படும் இடத்தில் துணி சற்று வெளிறித் தோன்றும். மென்மையான தூரிகையால் மறைப்பின்மேல் இளஞ்சாம்பலை மெல்லத் தடவவும். கட்டங்கள் அவ்விடத்தில் மங்கி, கீழ் வர்ணம் மேலெழும். நிழலுக்கோ தொகுதிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அடுக்குச் சேர்த்து, அதன் கலப்பு முறையை ‘மல்டிப்ளை’ என மாற்றிக் கருஞ்சாம்பல் தீட்டலாம். அந்நிழலும் கைலியின் எல்லையைத் தாண்டாது.

எட்டாம் படி: வேலையைக் ‘கேஆர்ஏ’ என்னும் கிரீட்டாவின் சொந்தக் கோப்பாகச் சேமிக்கவும். வாடிக்கையாளருக்கு அனுப்ப மட்டும் ‘ஜேபெக்’ அல்லது ‘பிஎன்ஜி’ பிரதி ஒன்றை எடுத்துக் கொள்ளவும்.

மற்ற மென்பொருள்களிலும் பெயர்தான் மாறும், வேலை மாறாது. ஃபோட்டோஷாப்பில் அடுக்குப் பலகையின் அடியில் மறைப்புக்கான சின்னம் இருக்கின்றது. ஷிஃப்ட் விசையோடு மறைப்பின் சிறுபடத்தைத் தொட்டால் மறைப்பு தற்காலிகமாக நீங்கி, முழுப் படமும் தெரியும். கிம்ப்பில் ‘லேயர்’ பட்டியலில் ‘மாஸ்க்’ என்ற பகுதியில் ‘ஆட் லேயர் மாஸ்க்’ என்று இருக்கின்றது. புரோகிரியேட்டில் அடுக்கைத் தொட்டால் வரும் பட்டியலிலேயே ‘மாஸ்க்’ உண்டு.

புதியவர்கள் இடறும் இடங்கள்

முதலாவது, மறைப்பைத் தேர்ந்ததாக எண்ணிக் கொண்டு அடுக்கின்மேலேயே தீட்டிவிடுதல். மறைக்க நினைத்த இடத்தில் கறுப்பு மை கொட்டியது போலத் தெரிந்தால், நீங்கள் நிற்பது மறைப்பில் அன்று, அடுக்கில். உடனே செய்ததை ரத்துச் செய்துவிட்டு, மறைப்பைத் தேர்ந்து தொடரவும்.

இரண்டாவது, தூரிகையின் அழுத்தம் குறைந்திருப்பதை மறத்தல். பாதி அழுத்தத்தில் ஒருமுறை கறுப்பைத் தீட்டினால் பாதிதான் மறையும். கையை எடுத்து மறுமுறை தீட்டினால் எஞ்சியதில் பாதி மறையும். அதன் பின்னும் கால் பங்கு தெரிந்து கொண்டிருக்கும். திரையில் கண்ணுக்குப் புலப்படாத இந்த மிச்சம், அச்சில் அழுக்குப் போலத் தெரியும். முழுவதும் மறைய வேண்டிய இடத்தில் அழுத்தத்தை நூற்றுக்கு நூறாக வைத்துக் கொள்ளவும்.

மூன்றாவது, எல்லா இடத்திலும் மென்மையான தூரிகையையே பயன்படுத்துதல். துணி, பெட்டி, டின் ஆகியவற்றின் ஓரம் கூர்மையானது; அதற்குக் கடினமான தூரிகை வேண்டும். புகை, நிழல், வெளிச்சம் ஆகியவற்றுக்கே மென்மை பொருந்தும்.

நான்காவது, கிரீட்டாவில் ‘இன்ஹெரிட் ஆல்ஃபா’ என்றொரு வசதி உண்டு. அதனைப் போட்டால், ஓர் அடுக்கு தனக்குக் கீழே வர்ணம் உள்ள இடத்தில் மட்டும் தெரியும். இதுவும் நல்ல முறையே. ஆனால் தொகுதிக்குள் வைக்காமல் போட்டால், அடியிலுள்ள பின்னணித் தாள் முழுவதும் வர்ணம் உள்ள இடமாகக் கணக்கிடப்பட்டு, எதுவும் மறையாது. ‘வசதி வேலை செய்யவில்லை’ என்று பலர் கைவிடுவது இதனாலேயே. ஆதலால் தொகுதிக்குள் வைத்தே அதனைப் பயன்படுத்தவும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஜேபெக் பிரதியை மட்டும் வைத்துக் கொண்டு மூலக் கோப்பை விட்டுவிடுதல். ஜேபெக்கில் அடுக்கும் இல்லை, மறைப்பும் இல்லை. எல்லாம் ஒரே தாளாக ஒட்டிப் போயிருக்கும். அதிலிருந்து சிவப்புக் கட்டத்தைப் பிரித்தெடுக்க எந்தக் கண்ணாலும் ஆகாது.

பேரேட்டு வழக்கம்

இம்முறை கணினிக்காரர்களின் புதுமை என்று எண்ண வேண்டாம். நமது கணக்குப் பிள்ளைகள் நெடுங்காலமாக இதனைத்தான் செய்து வருகிறார்கள். பேரேட்டில் தவறான தொகை ஏறிவிட்டால் அதனைச் சுரண்டி அழிப்பதில்லை. ஒரு கோடிட்டு அடித்துப் பக்கத்தில் சரியான தொகையை எழுதுவார்கள், அல்லது எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்வார்கள். முதலில் என்ன எழுதப்பட்டது, எப்போது திருத்தப்பட்டது என்பது பின்னால் பார்ப்பவருக்கும் விளங்கும். சுரண்டிய பேரேட்டை யாரும் நம்புவதில்லை. சித்திர வேலையில் அழிப்பான் என்பது சுரண்டல். மறைப்பு என்பது எதிர்ப்பதிவு. ஒரு பிள்ளை கணினியில் நல்ல வேலை கற்றிருக்கிறானா என்று அறிய வேண்டுமானால், அவன் எதை வரைகிறான் என்பதோடு, எத்தனை தரம் அழிப்பானை எடுக்கிறான் என்பதையும் பாருங்கள்.

மறைத்தது மறைந்ததன்று

இனி, வியாபாரிகள் கண்டிப்பாக அறிய வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மறைப்பின் பலம் எதுவோ, அதுவே அதன் அபாயமும் ஆகும். மறைத்தது அழியவில்லை என்பதால், மூலக் கோப்பு யார் கைக்குப் போகிறதோ அவர் மறைப்பை நீக்கி உள்ளே இருப்பதைப் பார்த்துவிடலாம்.

ஒரு விலைப் பட்டியலில் கொள்முதல் விலைக்கு ஒரு வரிசை, விற்பனை விலைக்கு ஒரு வரிசை இருப்பதாக வைத்துக் கொள்வோம். கொள்முதல் வரிசையை மறைப்பால் மூடிவிட்டு, அக்கோப்பை அப்படியே அச்சகத்துக்கோ மொத்த வாடிக்கையாளருக்கோ அனுப்பினால், அவர் ஒரு பொத்தானை அழுத்தி நமது லாபக் கணக்கு முழுவதையும் வாசித்துவிடுவார். வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண், பிறர் கையொப்பம் ஆகியவற்றுக்கும் இதே அபாயம் உண்டு. ஆகையால் இரகசியமானவற்றை மறைப்பால் மூடலாகாது. அவ்விடத்தின்மேல் ஒளி புகாத வர்ணத்தை முழு அழுத்தத்தில் தீட்டி, அடுக்குகளையெல்லாம் ஒன்றாக ஒட்டி, ஜேபெக் பிரதியாக எடுத்து அதனை மட்டும் அனுப்ப வேண்டும். இவ்வோர் இடத்தில் மட்டும் ஒட்டிப்போன ஜேபெக்கே நமக்குப் பாதுகாப்பு.

இன்னொன்று: சரக்கின் குறையை மறைக்க இவ்வித்தையைப் பயன்படுத்தலாகாது. பின்னணியை மாற்றுவதும், சீட்டின் இடத்தை மாற்றுவதும் அலங்காரம். துணியிலுள்ள கறையையும், பாத்திரத்திலுள்ள நெளிவையும், அரிசியிலுள்ள குருணையையும் படத்தில் மறைத்து விற்பது ஏமாற்று. மலேசியாவில் 2011-ஆம் ஆண்டின் வர்த்தக விவரிப்புச் சட்டம் பொய்யான சரக்கு விவரிப்பைக் குற்றமாக்கியிருக்கின்றது. சிங்கப்பூரில் 2003-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம், வாங்குபவரை ஏமாற்றும் செயல்களுக்கு எதிராக அவருக்கு வழி வகுத்திருக்கின்றது. சட்டத்திற்கு முன்பே, திரும்பி வராத வாடிக்கையாளரே நமக்குத் தண்டனை. டிசைனை மாற்றிக் காட்டும் படமானால், அந்த டிசைன் உண்மையில் கடையில் இருக்க வேண்டும். வர்ணம் சரக்கின் வர்ணத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

வேலை கொடுப்போர் கேட்க வேண்டியவை

வெளியாரிடம் விளம்பர வேலை கொடுக்கும் சகோதரர்கள், கூலி பேசும்போதே நான்கு விஷயங்களை முடிவு செய்து, பில்லில் எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். ஒன்று, வேலை முடிந்ததும் அடுக்குகளும் மறைப்புகளும் உள்ள மூலக் கோப்பு நமக்குக் கிடைக்க வேண்டும். இரண்டு, அடுக்குகளுக்கு விளங்கும்படியான பெயர்கள் இருக்க வேண்டும். மூன்று, விலை எழுத்து தனி அடுக்கில், திருத்தக்கூடிய எழுத்தாக இருக்க வேண்டும். நான்கு, அப்படத்தைப் பின்னர் நாமே மாற்றிப் பயன்படுத்தச் சம்மதம் இருக்க வேண்டும். மூலக் கோப்புக்குச் சிலர் கூடுதல் கூலி கேட்பார்கள். அது அவர்களின் உழைப்புக்கு உரிய விலை. நியாயமாகக் கேட்டால் கொடுக்கலாம். வருடம் முழுவதும் ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் கொடுக்கும் கூலியோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கிடைத்த மூலக் கோப்பைக் கடைக் கணினியில் ஒன்று, வெளியே வேறோர் இடத்தில் ஒன்று என இரு பிரதிகளாக வையுங்கள். கடைப் பத்திரத்தைப் பூட்டி வைப்பது போன்ற ஜாக்கிரதை இதற்கும் வேண்டும்.

பயிற்சி

1. மறைப்பின் அளவு 255, 128, 0 ஆக இருந்தால் அடுக்கு எவ்வாறு தெரியும்?

2. மேல் அடுக்கின் அளவு 80, கீழ் அடுக்கின் அளவு 200, மறைப்பு ஏறக்குறைய கால் பங்கு. கண்ணுக்குத் தெரியும் அளவு என்ன? (விடை: 20-உம் 150-உம் சேர்ந்து 170.)

3. தேநீர்க் கடைக்கு ஒரு கண்ணாடிக் குவளை வரையவும். ‘டிசைன்கள்’ தொகுதியைப் போலவே ‘பானங்கள்’ என்னும் தொகுதி அமைத்து, தேநீர், காப்பி, ரோஜாப் பால் ஆகிய மூன்றையும் ஒரே மறைப்புக்குள் தனித்தனி அடுக்காக வரையவும். குவளையின் ஓரத்தில் வெளிச்சம் படும் இடத்தைச் சாம்பலால் காட்டவும்.

4. உங்கள் கடையின் சென்ற பெருநாள் விளம்பரத்தின் மூலக் கோப்பு எங்கே இருக்கின்றது? இன்றே தேடிப் பாருங்கள். ஜேபெக் மட்டும் இருந்தால், அதனை வரைந்தவரிடம் மூலத்தைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள்.